கருப்பையா ஓடிக் காட்டிய நாள்

கதிரேசா,

கல்லூரித் துறை மலர் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. நீ படித்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போன பிறகு நானும் எடுத்துப் பார்த்தேன். பேராசிரியர் செய்தி, மாணவர் செய்தி, பழைய மாணவர் செய்தி என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார். ஒருவருக்குப் பம்பாயில் பதவி உயர்வு. இன்னொருவருக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம். உன் பேரும் இருந்தது. துறையின் முன்னாள் தலைவர் மறைந்த பேராசிரியர் லெட்சுமணன் அவர்களின் மகன் கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றில் பணி ஆய்வு அதிகாரியாகச் சேர்கிறார் என்று எழுதி, பேராசிரியர் உடல்நலக் குறைவால் விருப்ப ஓய்வு பெற்றவர் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது நீ கேட்டாய். "ஆத்தா, அப்பச்சிக்கு அப்படி என்ன உடம்புக்கு? நான் பாத்த வரைக்கும் நல்லாத்தானே இருந்தாக?" பால் பொங்குகிறது என்று சொல்லி நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை என்று உனக்கும் தெரியும். நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்லப் போனால் பாதியில் எனக்குக் குரல் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு உன் தங்கை வள்ளியிடம் கொடு. உன்னோடு படித்த பிள்ளைகள் யாரும் கேட்டால் அவர்களிடமும் தாராளமாகக் கொடு. மூடி வைத்ததால் இதுவரை யாருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை.

உன் அப்பச்சி வேலையை விட்டபோது அவருக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. மாரடைப்பு வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து.

உன் அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் ரங்கூன் கடை போன கதை உனக்குத் தெரிந்ததுதான். அங்குள்ள அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவர் ஒரு பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். கொத்தமங்கலத்து வீட்டில் நம் பங்குக்கு இரண்டு அறையும் ஒரு பெரிய பூட்டும் மிஞ்சின. உன் அப்பச்சி அப்போது கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அவருக்கு மட்டும் ஒரு வேகம் வந்தது. "நம்மாளுக தொழில் தெரியாமத் தோக்கல. தொழிலை ஒரு படிப்பாப் படிக்காமத் தோத்தாக" என்பார். வணிக நிர்வாகத்துக்கென்று தனித் துறை வேண்டும் என்று மதுரைக்கும் மெட்ராசுக்கும் அலைந்தவர் அவர்தான். காரைக்குடிச் செக்காலையில் நாம் குடியிருந்த வாடகை வீட்டு முன்னறையில்தான் முதல் பாடத்திட்டம் எழுதினார். நிர்வாகம் என்ற சொல்லை அவர் சொல்லும்போது மற்றவர்கள் முருகா என்று சொல்வதுபோல் இருக்கும்.

நல்ல வாத்தியார்தான், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளைத் திங்கட்கிழமைச் சந்தைக்கு அழைத்துப் போய் ஆளுக்கு ஒரு கூடைக் கத்தரிக்காயைக் கொடுத்து விற்கச் சொல்வார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் வெட்கப்பட்டு நிற்பார்கள். விற்று முடித்துவிட்டு எல்லோரும் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் இட்டிலிக் கொப்பரையை இறக்கி முடிப்பதற்குள் முந்தின ஈடு காலியாகிவிடும். அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவன் சேதுராமன். கண்டரமாணிக்கத்துப் பையன். ஒல்லியாக, நெட்டையாக இருப்பான். சாப்பிட்ட இலையை எடுக்காதே என்றாலும் எடுப்பான். துறையிலேயே கையெழுத்து அவனுக்குத்தான் அழகு. விழா அழைப்பிதழ், அறிவிப்புப் பலகை எல்லாவற்றையும் அவனைத்தான் எழுதச் சொல்வார்கள்.

அவன் அப்பா கருப்பையா திருப்பத்தூர் போகிற சாலையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த நூற்பாலையில் தொழிலாளி. நூல் நூற்கும் எந்திரத்தில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இடத்துக்கு ஓடி ஓடி ஒட்டிவிடுவது அவர் வேலை. ஒரு தடவை பனங்கிழங்குக் கட்டோடு நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாங்க என்று எத்தனை சொல்லியும் வாசற்படியிலேயே நின்றார். பேச்சுக்கு நடுவே முகத்தை அங்குட்டுத் திருப்பி இருமிவிட்டுத் திரும்புவார். பஞ்சாலையில் வேலை பார்ப்பவர்களின் இருமல் அது.

"ஐயா, படிப்புல இவன் எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா சொன்னதைச் செய்வான். நீங்க என்ன சொன்னாலும் செய்வான்" என்று உன் அப்பச்சியிடம் சொன்னார். சேது தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

சேது கடைசி வருஷம் படிக்கும்போது வைரவன் வந்தான். உனக்கும் அவனைத் தெரியும், இன்றைக்குப் பழைய மாணவர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். துறையின் முதல் செட்டில் தங்கப் பதக்கம் வாங்கியவன். படிப்பு முடிந்ததும் அதே நூற்பாலையில் அதிகாரியாகிவிட்டான். துறையில் படித்து வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் என்பதால் உன் அப்பச்சிக்கு அவன்மேல் சொந்தப் பிள்ளை மாதிரி ஒரு பெருமை. மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"சார், ஆலை நட்டத்துல ஓடுது. பம்பாய்லேருந்து ஆளைக் கூட்டியாந்து ஆய்வு பண்ணணும்ங்கிறாக முதலாளி. எங்க சார் இருக்கையில பம்பாய் எதுக்குன்னு நான் கேட்டேன்."

மாணவர்களுக்கு ஆலையில் பயிற்சி கொடுப்பார்கள், தேர்வு முடிந்ததும் நல்ல பிள்ளைகளை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள், துறைக்கு ஒரு நூலகக் கட்டிடம் கட்டித் தருவார்கள் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். உன் அப்பச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெண் வீட்டார் முதல்முறையாக வாசல் தேடி வந்த மாதிரி இருந்தார். நம் படிப்பால் என்ன பிரயோசனம் என்று கேலி பேசியவர்களுக்கு நடுவே, வெளியுலகம் முதல்முதலாக வந்து கேட்கிறது.

ஆய்வு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத்தானே நீயும் செய்யப் போகிறாய். ஒரு தொழிலாளி பக்கத்தில் ஸ்டாப் வாட்சோடு நின்று அவர் ஒவ்வொரு வேலையையும் எவ்வளவு நேரத்தில் செய்கிறார் என்று குறித்துக்கொள்வது. அதை வைத்து ஒரு ஆள் எத்தனை எந்திரம் பார்க்கலாம் என்று முடிவு கட்டுவது. பிள்ளைகளை நம் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து யார் யாருக்கு எந்தப் பகுதி என்று உன் அப்பச்சி பிரித்துக் கொடுத்தார். சேது எழுந்து நின்றான்.

"சார், அந்தப் பகுதியிலதான் எங்கப்பா வேலை பாக்குறாரு. என்னைய வேற பக்கம் போட்டா நல்லாருக்கும்."

"கடிகாரத்துக்கு அப்பன் மகன் தெரியாது சேது" என்றார் உன் அப்பச்சி. பிள்ளைகள் சிரித்தார்கள். சேதுவும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்ற எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு, "அந்தப் பையனை மட்டும் மாத்தி விட்டுருங்களேன்" என்றேன். "இது வீட்டு விவகாரம் இல்ல, நீ சும்மா இரு" என்றார். அவர் கோபப்படவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்த ஒரு மனிதர் அப்படிச் சொன்னார்.

ஆலையில் அளந்த நாளைப் பற்றிச் சேது சில நாள் கழித்துச் சாப்பிட வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தின நாள் சைக்கிளில் அவனைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு போகும்போது கருப்பையா கேட்டாராம்.

"ஏன்டா, நீ எங்களை அளக்குறதுக்கு மார்க்கு உண்டா?"

"உண்டுப்பா."

"நான் வெரசாப் பாத்தா உனக்கு மார்க்கு கூடக் கெடைக்குமா?"

"அதெல்லாம் இல்லப்பா. நீ எப்பவும் போலப் பாரு."

சரிடா சரிடா என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாராம். மகன் கையில் கடிகாரத்தைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். ஒரு எந்திரத்திலிருந்து அடுத்ததற்கு நடக்கவில்லை, ஓடினார். அறுந்த இழையைத் தேடவே இல்லை, அறுவதற்கு முன்னாலேயே அங்கே நிற்பதுபோல் நின்றார். இருமல் வரும்போது வாயை இறுக்கிக்கொண்டு விழுங்கினார். பக்கத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சேதுவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நான் பாத்ததுலயே எங்கப்பா அன்னைக்குத்தான் ஆச்சி வாலிபமா இருந்தாரு" என்று அவன் என்னிடம் சொன்னான்.

அளந்த அன்று சாயங்காலமே சேது நம் வீட்டுக்கு வந்து, உட்காராமலே சொல்லிவிட்டான். "சார், இன்னைக்கு அளந்தது சரியில்ல. எங்கப்பா எனக்காக ஓடுனாரு. தினமும் அவரால அப்படிப் பாக்க முடியாது."

உன் அப்பச்சி சரியாகத்தான் பதில் சொன்னார். அளக்கப்படுகிறவர் வழக்கத்தைவிட வேகமாகச் செய்தால் அதற்கென்று குறைத்துக்கொள்ள முறை இருக்கிறது, இருமலுக்கும் களைப்புக்கும் சேர்த்துத் தளர்வு என்று கொஞ்சம் நேரம் கூட்டிக் கொடுக்கலாம் என்று உட்காரவைத்து விளக்கினார். சேது அங்கேயே அதைக் கணக்குப் போட்டு எழுதினான். முகம் தெளிந்து வீட்டுக்குப் போனான். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அறிக்கையின் முதல் படியைப் பார்த்துவிட்டு வைரவன் திரும்பி வந்தான். இந்தத் தடவை காப்பியைத் தொடவில்லை.

"சார், இந்தத் தளர்வை எடுத்துருங்க."

"அது முறைப்படி குடுக்க வேண்டியதுப்பா."

"குடுத்தா ஆளைக் குறைக்க முடியாது. ஆளைக் குறைக்கலைன்னா ஆலையை மூடிருவாக. மூடிட்டா அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துரும். கொஞ்சம் பேரு போறது பெரிசா, எல்லாரும் போறது பெரிசா? நீங்கதானே சார் எங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தீக?"

அவன் சூதாகப் பேசவில்லை கதிரேசா. அவன் கண்ணிலும் பயம் இருந்தது. முதலாளிக்கும் வாத்தியாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன வயசுப் பையன் அவன். உன் அப்பச்சி பேனாவைத் திறந்தார். அவர் மனசில் நூலகம் ஓடியதா, அந்தக் குடும்பங்கள் ஓடினவா, தான் தொடங்கிய துறை ஓடியதா, எனக்குத் தெரியாது. பிறகு தளர்வை அடித்துவிட்டார். மறுநாள் சேதுவைக் கூப்பிட்டு அறிக்கையைச் சுத்தப் பிரதியாக எழுதச் சொன்னார். அவன் கையெழுத்துத்தானே அழகு. அவன் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். "எழுதுப்பா, நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கேன்" என்றார் இவர். சொன்னதைச் செய்கிற பையன், எழுதிவிட்டான்.

அந்த வருஷ மலரில் துறையின் முதல் தொழிற்சாலை ஆய்வு என்று முழுப் பக்கம் செய்தி வந்தது. உன் அப்பச்சி, வைரவன், மாணவர்கள் எல்லோரும் நிற்கிற படம். சேது பின்வரிசையில் நிற்பான்.

கொஞ்ச நாளில் ஆலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். இனி ஒரு ஆள் முன்பு பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு எந்திரம் பார்க்க வேண்டும், மிச்ச ஆட்களுக்கு வேலை இல்லை. தொழிலாளிகள் கூடி நின்று, இப்படி எந்த மனுசன் பார்ப்பான் என்று சத்தம் போட்டார்கள். அதிகாரிகள் கையை நீட்டிக் கருப்பையாவைக் காட்டினார்கள். இதோ, இவர் பார்த்திருக்கிறார்.

அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. வைத்துக்கொண்டார்கள். வேலை போன மூக்கன் என்பவர் அவருக்குப் பக்கத்து வீடு, பக்கத்து எந்திரம். அவர் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது, அது நின்று போயிற்று. அதன் பிறகு ஊரில் கருப்பையா வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்களாம்.  அவர் தினமும் ஆலைக்குப் போய் அன்றைக்கு ஓடிய அதே ஓட்டத்தை ஓடினார்.

பல மாதம் ஓடினார். ஒரு நாள் எந்திரங்களுக்கு நடுவில் சுருண்டு விழுந்தார். வாயில் ரத்தம். காரைக்குடி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். மேலூர் தாண்டும்போது வண்டியிலேயே போய்விட்டார். உன் அப்பச்சிக்கு ஆள் வந்து சொன்னபோது வகுப்பில் இருந்தார். அப்படியே சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சேது வந்தான். தலை மழித்திருந்தது. அதே ஆலையில் அவனுக்கு உதவி அதிகாரி வேலைக்கு உத்தரவு வந்திருந்தது, வைரவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான்.  உன் அப்பச்சி எழுந்து அவன் கையைப் பிடிக்கப் போனார். அவன் கையைக் கொடுக்கவில்லை.

"மெதுவாப் பாருப்பான்னு எத்தனையோ தரம் சொன்னேன் சார். கால்ல விழுந்துகூடச் சொன்னேன். நான் மெதுவாப் பாத்தா நீ எழுதுனது பொய்யின்னு ஆயிருமேடான்னுட்டாரு."

அவ்வளவுதான் சொன்னான். என்னிடம் வந்து, "வாரேன் ஆச்சி" என்றான். போய்விட்டான். உன் அப்பச்சி அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. முன்னறைக் கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீ அன்னைக்கே சொன்னே" என்றார். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வாரம் ஆலைக்குப் போனார். அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அதில் தப்பு இருக்கிறது என்றார். முதலாளி மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். வைரவன் வாசல்வரை வந்து, "சார், போனவரு போயிட்டாரு, இப்ப இதைக் கிளறினா துறையே போயிரும் சார்" என்று கெஞ்சினான். கல்லூரியிலும் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள். வேலை போனவர்கள் போட்ட வழக்கு அப்போது மதுரையில் விசாரணைக்கு வந்திருந்தது. உன் அப்பச்சி அவர்களுடைய வக்கீலைத் தேடிப் போய், நான் சாட்சி சொல்கிறேன் என்றார். அந்த நாளையில்தான் உன்னை நாச்சியாபுரத்தில் என்னைப் பெற்ற உன் ஆயா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். உனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். பள்ளிக்கூடத்தை மாற்றியதற்கு நீ அழுது காய்ச்சலே வந்துவிட்டது. ஊர் பேசுவது உன் காதில் விழக்கூடாது என்பதுதான் காரணம்.

சாட்சிக் கூண்டில் அவர் நின்றபோது நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் வேலை போனவர்கள் வரிசையாக இருந்தார்கள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டத்தைச் சொன்னார், தளர்வைச் சொன்னார், தான் அதை அடித்ததைச் சொன்னார். ஆலை வக்கீல் எழுந்தார்.

"அப்ப இந்தக் கையெழுத்துப் போட்டபோது பேராசிரியருக்குத் தொழில் தெரியாதா, இல்ல நேர்மை இல்லையா?"

உன் அப்பச்சி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "தொழில் தெரியும்" என்றார்.

கூண்டைவிட்டு இறங்கி வந்தபோது ஒருவரும் அவருக்கு வழி விடவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. மூக்கன் வராந்தாவில் அவர் காலடிக்குப் பக்கத்தில் துப்பினார். அது அவருக்கு உரிமை. இந்தச் சாட்சியால் அவர்களுக்கு வேலையாவது திரும்பக் கிடைத்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும். கிடைக்கவில்லை. அன்றைக்கு ஒன்று எழுதி இன்றைக்கு ஒன்று சொல்கிறவர் பேச்சை நம்ப முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. காலம் கடந்து சொன்ன உண்மைக்கு அவ்வளவுதான் எடை. கல்லூரியில் ராஜினாமா கேட்டார்கள். அதை விருப்ப ஓய்வு என்றும், காரணம் உடல்நலக் குறைவு என்றும் எழுதினால் உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்றார்கள். உனக்கும் வள்ளிக்கும் என்று நினைத்து அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு வந்து என்னிடம், "கடைசியிலயும் அவுங்க சொன்னதைத்தான் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு நீ பார்த்த அப்பச்சி வேறு ஆள். அரிசி மண்டியில் கணக்குப் பார்த்தார். நீ காலாண்டு விடுமுறைக்கு வந்தால் உன்னோடு கேரம் விளையாடினார். நூலகக் கட்டிடம் எழும்பிய பக்கமே அவர் போகவில்லை. அந்த ஆலையும் பிழைக்கவில்லை. எந்த ஆலையைக் காப்பாற்ற அந்தத் தளர்வை அடித்தாரோ, அது இரண்டொரு வருஷத்தில் பூட்டிக்கொண்டது. வைரவனும் அத்தனை பேரோடு தெருவுக்குத்தான் வந்தான்.

கண்டரமாணிக்கத்துக்கு மட்டும் அவ்வப்போது பஸ் ஏறுவார். கருப்பையா வீட்டு வாசலில் போய் நிற்பார். சேது இருந்தால் உள்ளே போய்விடுவான். அந்த வீட்டு அம்மா செல்லாயி முதலில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து நேராகச் சொன்னார்.

"ஐயா, நீங்க வந்து நின்னா உங்களுக்குத்தான் பாரம் குறையுது. எனக்கு ஒண்ணும் குறையல. இனிமே வராதீக."

அந்த அம்மா திட்டியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தம்மா சொன்னது சரி" என்றார். அதற்குப் பிறகு போகவில்லை. போகாமல் இருந்ததுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவர் இறந்த அன்று கூட்டத்தில் சேதுவைப் பார்த்தேன். தெருவில் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றான். உள்ளே வரவில்லை. எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றுவிட்டுப் போனான். எதற்காக வந்தான், மன்னித்து வந்தானா, முடிந்ததா என்று பார்க்க வந்தானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டு நீ அதே துறையில் சேர்ந்தபோது ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். உன் அப்பச்சி உயிரோடு இருக்கும்போதே நீ அதைத்தான் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றி என்னிடம் பேசினார். "படிப்பு தப்பில்ல. நான் படிச்சதை நானே அடிச்சேன். அதுதான் தப்பு" என்றார். அதனால் நான் குறுக்கே வரவில்லை.

இப்போதும் வரவில்லை. ஆனால் நீ போகிற இடத்திலும் ஒரு வைரவன் இருப்பான். நல்லவனாக, உன்மேல் பிரியம் உள்ளவனாக, நியாயமான கணக்கோடு வருவான். அவன் கேட்பதில் ஒரு சின்னத் திருத்தத்துக்குமேல் ஒன்றும் இருக்காது. தப்பு செய்யச் சொல்லி யாரும் தப்பு என்று பேர் எழுதிக் கொண்டுவருவதில்லை ஐயா. நீ கடிகாரத்தோடு ஒருவர் பக்கத்தில் போய் நிற்கும்போது முதலில் அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேள். அவர் இருமினால் எழுதிக்கொள். எழுதிய பிறகு அடிக்காதே. அடிக்கச் சொன்னால் அன்றைக்கே ஊருக்கு வந்துவிடு. அரிசி மண்டிக் கணக்கில் நீயும் வள்ளியும் நானும் சாப்பிட்டு வளர்ந்துதான் இருக்கிறோம்.

நீ திங்கட்கிழமை கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய். அதற்கு முன்னால் ஒரு வேலை செய். சேது இப்போது கண்டரமாணிக்கத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஆலை கொடுத்த வேலைக்கு அவன் போகவே இல்லை. செல்லாயி அம்மா அவனோடுதான் இருக்கிறார். நீ போய்ப் பார். மன்னிப்புக் கேட்காதே, அதை உன் அப்பச்சி கேட்டுப் பார்த்தாயிற்று. எதையும் கையில் கொண்டுபோகாதே. இன்னார் மகன் என்று சொல். என்ன வேலைக்குப் போகிறாய் என்று மறைக்காமல் சொல். அவர்கள் வெளியே போ என்றால் வந்துவிடு. உட்காரச் சொன்னால் உட்கார். சேது பேசினால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

கேட்டுவிட்டு வந்த பிறகும் அந்த வேலைக்குப் போகலாம் என்று உனக்குத் தோன்றினால் போ. பெட்டியை நானே கட்டித் தருகிறேன். தோன்றவில்லை என்றால் அதையும் என்னிடம் வந்து சொல், நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன் ஆத்தா